விண்டோஸ் 10 முடிந்தது, கம்ப்யூட்டருமா முடிந்தது?

கேள்வி: தாலுகா ஆபீஸ் எதிரில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ், டைப்பிங், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று 2016இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், ஐ5-6500, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இன்னொன்று 2018 கடைசியில் வாங்கிய லேப்டாப், ஐ3-8130யு, 4 ஜிபி ராம். இரண்டிலும் விண்டோஸ் 10. 2025 அக்டோபரிலிருந்து ‘சப்போர்ட் முடிந்துவிட்டது’ என்று திரையில் வந்துகொண்டே இருக்கிறது. சர்வீஸ்காரர், இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும், ஒன்றுக்கு 42,000 ரூபாய் ஆகும், இல்லாவிட்டால் பேங்க் பணம் போய்விடும் என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன், ‘லினக்ஸ் போடும்மா, ஒரு பைசா செலவில்லை’ என்கிறான். பக்கத்துக் கடைக்காரர் இன்னும் விண்டோஸ் 7தான் ஓட்டுகிறார், ஒன்றும் ஆகவில்லையாம். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் புரோகிராமும் இத்தனை வருஷத்து ஃபைல்களும் டெஸ்க்டாப்பில்தான் இருக்கின்றன. லேப்டாப்பில் மைக்ரோசாஃப்டின் சோதனை ஆப்பைப் போட்டுப் பார்த்தேன், ‘டிபிஎம் 2.0’ வேண்டும் என்று வந்தது. யார் சொல்வதைக் கேட்பது ஐயா?

– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

அம்மா, மாடல் எண்ணைப் பார்த்து எழுதி அனுப்பினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ‘ஐ5 சார்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எந்த ஐ5 என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஐ3-8130யு என்பதில் கோட்டுக்கு அடுத்து வரும் 8, அந்தப் பிராசஸரின் தலைமுறை. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்து. ஆகவே உங்கள் லேப்டாப் தேறிவிட்டது. ஐ5-6500 ஆறாம் தலைமுறை, அது தேறாது. ஐ3 பாஸ், ஐ5 ஃபெயில் என்பது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

அப்படியானால் ‘டிபிஎம் 2.0’ வேண்டும் என்று ஏன் வந்தது? டிபிஎம் என்பது கடவுச்சொல், சாவி போன்ற ரகசியங்களைத் தனியாகப் பூட்டி வைக்கும் ஒரு பாதுகாப்பு அமைப்பு. தனிச் சிப்பாகவும் வரும், பிராசஸரோடு சேர்ந்த வசதியாகவும் வரும். உங்கள் லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அதற்கு இன்டெல் வைத்திருக்கும் பெயர் பிடிடி. அது அணைத்து வைக்கப்பட்டிருந்தாலும் சோதனை ஆப் இதே செய்தியைத்தான் காட்டும். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்2, எஃப்10, டெலீட் என்று உங்கள் கம்பெனிக்கு உரிய கீயைத் தட்டினால், விண்டோஸ் தொடங்குவதற்கு முந்தைய செட்டிங்ஸ் பக்கமான பயாஸ் திரை வரும். அங்கே ‘செக்யூரிட்டி’ பகுதிக்குள் பிடிடி என்றோ டிபிஎம் என்றோ ஒரு வரி இருக்கும். அதை ‘எனேபிள்’ செய்து சேமித்துவிட்டு, சோதனை ஆப்பை மறுபடி ஓட்டிப் பாருங்கள். உங்கள் சர்வீஸ்காரர் ‘டிபிஎம் சிப் தனியாக வாங்கி மாட்டணும்’ என்று சொன்னால், முதலில் பயாஸில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

மறுபடியும் ஒரு குறை காட்டினால் அது அநேகமாக ‘செக்யூர் பூட்’டாக இருக்கும், அதாவது ஆன் ஆகும்போது நம்பகமான புரோகிராம்தான் தொடங்குகிறதா என்று பார்க்கும் பாதுகாப்பு. 2018இல் வந்த லேப்டாப் கம்பெனியிலிருந்து வரும்போது, அதற்குத் தேவையான யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில்தான் வந்திருக்கும். நடுவில் யாரோ ஃபார்மட் அடித்துப் பழைய ‘லெகசி’ முறைக்கு மாற்றியிருப்பார்கள். எங்கள் சர்வீஸ் தொழிலில் இது சர்வ சாதாரணம். கையில் இருந்த பென்டிரைவ் அந்த முறையில்தான் பூட் ஆகும், அவ்வளவுதான் காரணம்.

இதையெல்லாம் ஒரே வேலையில் முடிக்க வழி இருக்கிறது. அந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான சேமிப்புச் சாதனமான எஸ்எஸ்டி, 256 ஜிபியில் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். 8 ஜிபி ராம் ஒன்றும் போடுங்கள். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. போதும், ஆன் ஆவதற்கு. குரோமில் நாலு டேப், கூடவே வாட்ஸ்அப் என்று போனால் திணறிவிடும். எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11ஐப் புதிதாக யூஇஎஃப்ஐ முறையில் ஏற்றிவிட்டால் பழைய டிஸ்க்கை யாரும் தொடவே வேண்டாம், ஃபைல்கள் அதில் பத்திரமாக இருக்கும். லேப்டாப்பில் கம்பெனி போட்டுக் கொடுத்த ஒரிஜினல் விண்டோஸ் இருந்திருந்தால் 11க்குத் தனியாகக் காசு கிடையாது.

ராம் விலையைக் கேட்டால் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரிச் சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன. க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் கம்பெனி, அந்த வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. என்ன விலையானாலும் 42,000 ஆகாது.

ஏற்றும்போது பக்கத்தில் நின்று ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 11 ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கேட்கும். அதற்கு உங்கள் ஈமெயிலைக் கொடுங்கள். சர்வீஸுக்கு வரும் பையன், நேரம் போகிறதே என்று தன் ஈமெயிலைப் போட்டு முடித்துவிடுவான். இப்போதைய விண்டோஸ் 11ஐப் புதிதாக ஏற்றினால் டிஸ்க்கை அதுவாகவே பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டுக்கான 48 இலக்கச் சாவி, எந்த அக்கவுண்டில் உள்ளே நுழைந்தோமோ அங்கேதான் போய் உட்காரும். ஒரு நாள் பயாஸில் ஏதாவது மாறி, நீலத் திரையில் ‘ரிகவரி கீ’ கேட்கும். அப்போது அந்தப் பையன் துபாயில் இருப்பான். இது நான் கற்பனையாகச் சொல்வதில்லை. போன வருஷம் இப்படி ஒரு ஆடிட்டர் ஆபீஸ் லேப்டாப் என் மேஜைக்கு வந்தது. டேட்டா கிடைக்கவே இல்லை. சாவியைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து வீட்டில் வையுங்கள்.

சரி, இப்போது ‘சப்போர்ட் முடிந்தது’ என்றால் என்ன என்று பார்ப்போம். சர்வீஸ்காரர் பயமுறுத்துவதற்கும் பக்கத்துக் கடைக்காரர் தைரியம் சொல்வதற்கும் இடையில்தான் உண்மை இருக்கிறது.

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை, நிற்கவும் செய்யாது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, கண்டுபிடித்த ஓட்டைகளை அடைத்து மைக்ரோசாஃப்ட் அப்டேட் விடும். விண்டோஸ் 10ம் 11ம் உள்ளே பெரும்பகுதி ஒரே கட்டுமானம். 11இல் ஒரு ஓட்டையை அடைத்தால், அடைப்பதற்கு முன்னும் பின்னும் என்ன மாறியது என்று ஒப்பிட்டுப் பார்த்தே ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அதைச் செய்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அதே ஓட்டை 10இலும் இருந்தால் அங்கே அது திறந்தே கிடக்கும். ஒரே சாவியில் திறக்கும் பூட்டுகளை ஊர் முழுக்க விற்றுவிட்டு, பாதிப் பேருக்கு மட்டும் மாற்றிக் கொடுத்தது போல. அக்டோபர் 15ஆம் தேதி காலையில் உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. மாதம் ஏற ஏறத்தான் கூடும்.

2017இல் நடந்தது ஞாபகம் இருக்கலாம். அந்த மே 12ஆம் தேதி வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. இங்கே ஆந்திரப் போலீஸ் கம்ப்யூட்டர்கள் சிலவும் மாட்டின. ‘விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் மாட்டினார்கள்’ என்று எல்லோரும் பேசினோம். பிறகு பார்த்தால் மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு அப்போது சப்போர்ட் இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டும் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

ஆளில்லாமல் போனதற்கு எங்களுக்கும் பங்கு உண்டு. டாங்கிளில் ஒரு ஜிபியை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில், ‘அப்டேட் ஓடி டேட்டாவைத் தின்கிறது, நிறுத்திவிடுங்கள்’ என்று கேட்காத கடைக்காரர் இல்லை. நானும் வரிசையாக நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். அதனால் உங்கள் கடையில் முதலில் பார்க்க வேண்டியது, 2025 அக்டோபருக்கு முன்பாவது அப்டேட் ஓடிக்கொண்டிருந்ததா என்பதை. செட்டிங்ஸில் அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்தால் தேதி தெரியும். கடைசித் தேதி 2021 என்று காட்டினால், உங்களுக்குச் சப்போர்ட் நாலு வருஷம் முன்பே முடிந்துவிட்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்னொன்றும் கேட்கிறேன். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸா, காசு கொடுத்தது போலக் காட்டி ஏமாற்றும் ‘ஆக்டிவேட்டர்’ ஓட்டியதா? 2016இல் அசெம்பிள் செய்த கடை எது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தக் காலப் பில்களில் விண்டோஸுக்குத் தனி வரி இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஆக்டிவேட்டரை ஓட்டும்போது ஆன்ட்டி வைரஸை அணைக்கச் சொல்லும். அணைத்து, கேட்ட அனுமதியையெல்லாம் கொடுத்து, எவரோ எழுதிய புரோகிராமை உள்ளே விடுகிறோம். அந்த மெஷினில் பேங்க் பாஸ்வேர்டு அடிக்கக் கூடாது, அதற்கு அக்டோபர் 14 வரை காத்திருக்கவே தேவையில்லை.

பக்கத்துக் கடைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் அவருக்குத் தெரிந்து ஆகவில்லை, அவ்வளவுதான். பாஸ்வேர்டைத் திருடுகிற வகை வைரஸ் சத்தம் போடாது. அதோடு விண்டோஸ் 7க்கு குரோம் 109தான் கடைசி, 2023இன் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. சில வெப்சைட் அவருக்குத் திறக்காமல் இருக்கும், ‘சர்வர் டவுன்’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இனி டெஸ்க்டாப்.

இதை மூன்று விதமாகக் கரை சேர்க்கலாம் என்று ஊரில் சொல்வார்கள். ஒன்று, தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடுவது. ரூஃபஸ் என்ற சின்ன புரோகிராம் போதும், ஆறாம் தலைமுறையில் நன்றாகவே ஓடும். என் வீட்டில் ஒன்று அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் இப்படி ஏற்றியவற்றுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஒவ்வொரு வருஷத்துப் பெரிய பதிப்பையும் நாமே கையால் ஏற்ற வேண்டியிருக்கும். வீட்டில் வைத்து விளையாடலாம். திங்கட்கிழமை காலை கடை வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது இது வேண்டாம்.

இரண்டாவது, விண்டோஸ் 10க்கே நீட்டிப்பு வாங்குவது. இதை உங்கள் சர்வீஸ்காரர் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. இஎஸ்யு என்று பெயர். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். 22எச்2 என்ற கடைசிப் பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்திருக்க வேண்டும். 30 டாலர் கட்டலாம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸில் 1,000 புள்ளி இருந்தால் அதைக் கொடுக்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுடுக்கு பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டு இலவசமாகவே சேரலாம். இலவசமாகச் சேருங்கள். ஆனால் அந்தத் திரையில் ‘டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப்’ ஃபோல்டர்களையும் ஏற்றட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான், உங்கள் டெஸ்க்டாப் திரையில் ஊர்க்காரர்களின் ஆதார் கிடக்கும்.

மூன்றாவது, மகன் சொல்லும் லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். அவர் சொல்வது தப்பில்லை. லினக்ஸ் மின்ட் 22ஐ உங்கள் டெஸ்க்டாப் சர்வசாதாரணமாக இழுக்கும், 2029 வரை அதற்கு அப்டேட் உண்டு. தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதும் இல்லை. 2011இல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற வகை லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் வாங்கிய வாரமே எடுத்துக்கொண்டு வந்து ‘அண்ணா, இதை அழிச்சிட்டு விண்டோஸ் மட்டும் போடுங்க’ என்பார்கள். எத்தனை லேப்டாப்பில் அழித்தேன் என்று கணக்கில்லை.

மகன் மறந்தது உங்கள் கடையை. எந்தப் பிரிண்டர் என்று நீங்கள் எழுதவில்லை. ஜெராக்ஸ் கடை என்றால் கேனான் எல்பிபி 2900 ஒன்று இருந்தே தீரும் என்று பந்தயம் கட்டுவேன். அந்தப் பிரிண்டர் யானை மாதிரி, பதினைந்து வருஷம் உழைக்கும். ஆனால் அது பேசுவது கேனானின் சொந்த மொழி. லினக்ஸில் அதற்கான டிரைவரைப் போட்டு, ஒரு பக்கம் அடித்து, இரண்டாவது பக்கத்தில் அது நின்று, சுவிட்சை அணைத்துப் போட்டு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குப் போயிருக்கிறது. விண்டோஸ் 11இல் அந்தக் கவலை இல்லை, 10க்கான டிரைவரே ஓடிவிடுகிறது. கைரேகை மெஷின், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், டேலி என்று எது வைத்திருந்தாலும் லினக்ஸில் அதேபோலத் தலைவலிதான். இன்னொரு வீட்டுக்கு லினக்ஸ்தான் சரி என்று நானே எழுதியிருப்பேன். உங்கள் கடைக்கு இப்போது வேண்டாம்.

நான் சொல்வது நாலாவது வழி. இணையத்தைத் தொடுகிற வேலை முழுவதும் விண்டோஸ் 11 போட்ட லேப்டாப்புக்குப் போகட்டும்: பேங்க், அரசு வெப்சைட், வாட்ஸ்அப், ஈமெயில் எல்லாம். டெஸ்க்டாப்பின் இணையக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபை டாங்கிள் இருந்தால் அதையும். விண்டோஸ் 10ம் பேஜ்மேக்கரும் அதில் அப்படியே இருக்கட்டும். அது இனி டைப் அடிக்கிற, லேஅவுட் போடுகிற மெஷின் மட்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பே 2001இல் வந்தது, அதற்கு அப்டேட்டும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். இப்படி வைத்தால் 2026 அக்டோபருக்குப் பிறகும் அந்த டெஸ்க்டாப் ஓடலாம். இஎஸ்யு உங்களுக்குத் தேவைப்படுவது லேப்டாப் தயாராகும் வரை இரண்டு மெஷினையும் நெட்டில் வைத்திருக்கும் இந்தச் சில வாரங்களுக்குத்தான்.

எல்பிபி 2900இல் யுஎஸ்பி ஒன்றுதான். இரண்டு மெஷினுக்கும் நடுவில் மாற்றி மாற்றிச் செருக வேண்டாம், பட்டனை அமுக்கினால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறும் யுஎஸ்பி சுவிட்ச் என்று ஒரு சின்ன டப்பா கிடைக்கும், அதை வாங்கிவிடுங்கள்.

நெட்டைப் பிடுங்கினால் மட்டும் போதாது. உங்கள் கடைக்கு வைரஸ் அதிகம் வந்திருப்பது நெட் வழியாக இல்லை, பென்டிரைவ் வழியாகத்தான். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, கிளிக் செய்தால் எதுவும் திறக்காமல் நிற்குமே, அந்தக் கூத்தைப் பார்க்காத ஜெராக்ஸ் கடை தமிழ்நாட்டில் உண்டா? வாடிக்கையாளர் பென்டிரைவ் எதுவும் டெஸ்க்டாப் பக்கமே போகக் கூடாது. லேப்டாப்பில் செருகி, ஸ்கேன் ஓட்டி, வேண்டிய ஃபைலை மட்டும் கடைக்கென்று வைத்திருக்கும் ஒரே ஒரு பென்டிரைவில் கொண்டுபோங்கள். அந்தப் பென்டிரைவில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கும் குழப்பம் வராது.

லேப்டாப்பில் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரைத் தினமும் கடை சாத்தும்போது காலி செய்யுங்கள். போன மாதம் ஒரு கடை லேப்டாப்பை சர்வீஸுக்குத் திறந்தபோது அதில் நாலாயிரத்துச் சொச்சம் ஃபைல்: ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ், யாரோ ஒரு அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட். விண்டோஸ் 10ஆ 11ஆ என்பதைவிட எனக்கு அதுதான் திக்கென்றது.

பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றைத் திறக்கும் புரோகிராம்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அடோபியின் இன்டிசைனே சிஎஸ்6 வரைக்கும்தான் திறந்தது, அதற்குப் பிந்தியவை திறப்பதில்லை. அடிக்கடி கேட்டு வரும் கல்யாணப் பத்திரிகை, பத்திர மாதிரி, கோயில் நோட்டீஸ் ஆகியவற்றை இப்போதே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததை என்எச்எம் கன்வர்ட்டர் என்ற புரோகிராமில் போட்டால், எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்க முடிகிற பொது முறையான யூனிகோடாகும். புதிய வேலைகளை யூனிகோடிலேயே தொடங்கலாம். கை பழகின பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டோ பாமினியோ, என்எச்எம் ரைட்டரில் இரண்டும் உண்டு. விரல் எதையும் புதிதாகக் கற்க வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் செய்தது நியாயமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2015இல் ஒரு மாநாட்டில் அவர்கள் ஊழியர் ஒருவரே ‘விண்டோஸ் 10தான் கடைசி விண்டோஸ்’ என்று பேசினார். ஆறு வருஷத்தில் 11 வந்தது. பத்து வருஷம் இலவச அப்டேட் கொடுத்தார்கள், அது குறைவில்லை. டிபிஎம் கேட்பதிலும் காரணம் இருக்கிறது. ஆனால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே கோடு போட்டதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏழாம் தலைமுறை எல்லாம் ஆகாது என்று சொன்னவர்கள், பிறகு அதில் மிகச் சிலவற்றுக்கு விதிவிலக்குக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றான ஐ7-7820எச்க்யு, அவர்கள் சொந்தமாக விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 என்ற கம்ப்யூட்டரில் இருந்த பிராசஸர். நல்ல நிலையில் ஓடும் 24 கோடிக் கம்ப்யூட்டர்கள் இந்தக் கோட்டால் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023இலேயே கணித்தது. உங்கள் ஐ5ஐ அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவோமே.

கடைக்கு இன்னொரு மெஷின் வேண்டும் என்று பிறகு தோன்றினாலும் புதிதுக்குப் போக வேண்டியதில்லை. பெரிய ஆபீஸ்கள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, இப்போது திருநெல்வேலியிலும் கிடைக்கின்றன. ‘ஐ5, 16 ஜிபி, எஸ்எஸ்டி’ என்று அட்டை எழுதி வைத்திருப்பார்கள். கோட்டுக்கு அடுத்த எண்ணைக் கேளுங்கள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் வாங்கலாம். 4, 6 என்று சொன்னால் உங்களிடமே ஒன்று இருக்கிறதே.

டெஸ்க்டாப்புக்கும் எஸ்எஸ்டி போட வேண்டுமா என்றால், அவசரமில்லை. ஆனால் 2016 ஹார்ட் டிஸ்க் இன்றோ நாளையோ என்று இருக்கும். பேஜ்மேக்கர் ஃபோல்டரை இந்த வாரமே வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். லேப்டாப்பிலிருந்து கழற்றும் டிஸ்க்கைச் சர்வீஸ்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள், ‘இது எதுக்கும்மா, ஸ்லோ டிஸ்க்’ என்பார். யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டு, அதிலுள்ள ஃபைல்களைச் சரிபார்த்துக்கொண்ட பிறகு, பேஜ்மேக்கர் காப்பிக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.